மண்டை எந்தப் பக்கம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என்னுடையது இல்லை. திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் பெரியகருப்பனின் இரும்புக் கடை இருக்கிறது. கொசுவலை மாட்ட நாலு ஆணி வாங்கலாமென்று அங்கே போனேன். எனக்கு முன்னால் நின்றவர் கேரேஜ் போல்ட் ஒரு டஜன் கேட்டார்.

"எத்தன நூலு?"

"மூணு."

"மண்டை எந்தப் பக்கம் வருது? வெளிய வந்தா பாலிஷ் போட்டது தாரேன்."

அவ்வளவுதான் கேட்டார் பெரியகருப்பன். அந்த ஆள் சிரிக்க ஆரம்பித்தார். கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தும் நிறுத்தவில்லை. இப்படிச் சிரிக்கிறவரைச் சும்மா விட்டால் நான் என்ன எழுத்தாளன். டீ வாங்கிக் கொடுத்துக் கதையைக் கறந்துவிட்டேன். ஆணி வாங்க மறந்துபோனேன், அது வேறு விஷயம். எங்கள் வீட்டுக் கொசுக்களுக்கு இந்தக் கதையில் பங்கு உண்டு.

2

எப்படித் தொடங்குவது என்பதில் இரண்டு நாள் போயிற்று. முதல் வரைவு இது:

"மலைக்கோட்டையின் மீது மாலைச் சூரியன் தன் பொன்னிறக் கதிர்களை—"

வேண்டாம். கதை நடந்தது உச்சி வெயிலில், ஒரு கோயிலுக்குள். சூரியனுக்கு அங்கே வேலையே இல்லை. இரண்டாவது வரைவு:

"தனிமை என்பது நான்கு பலகைகளால்—"

இதை எழுதி முடிப்பதற்குள் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. ஆகவே மூன்றாவதாக, பொருளையே நேராகச் சொல்லிவிடுகிறேன்.

கேரேஜ் போல்ட் என்பது மரவேலைக்கான போல்ட். நூல் என்பது அதன் தண்டின் கனத்துக்குக் கடைக்காரர் கணக்கு, ஒரு நூல் அரைக்கால் அங்குலம். அதன் மண்டை காளான் போல மொழுமொழுவென்றிருக்கும், ஸ்பேனர் பிடிக்காது. மண்டைக்குக் கீழே கழுத்து மட்டும் சதுரம். தண்டுக்குச் சரியாகத் துளை போட்டு, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் அந்தச் சதுரம் மரத்தைக் கவ்விக்கொள்ளும். பிறகு அந்தப் பக்கம் வாஷரைப் போட்டு நட்டை முடுக்கினால் முடிந்தது. மண்டைப் பக்கம் இருப்பவர் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது. முடுக்குவதும் கழற்றுவதும் நட்டுப் பக்கம் நிற்கிறவர் பாடு.

இதை ஞாபகத்தில் வையுங்கள். இந்தக் கதையில் வேறு தத்துவம் எதுவும் கிடையாது.

3

ஞானராஜ் தாடிக்கொம்பு சாலையில் மரப்பட்டறை வைத்திருப்பவர். வயது ஐம்பத்திரண்டு. தான் செய்த பொருளை யாராவது தொட்டால் உடனே துண்டால் துடைத்துவிடுவார். அவர் மனைவி செபஸ்தியம்மாள். செபஸ்தியம்மாளின் தம்பி கிளெமென்ட், பட்டறைக்கு எதிரிலேயே வெல்டிங் கடை வைத்திருக்கிறான். மரம் இந்தப் பக்கம், இரும்பு அந்தப் பக்கம், நடுவில் பேருந்து போகிறது.

அவர்கள் பங்குக் கோயிலுக்கு ஒரு புதுப் பாவசங்கீர்த்தனப் பெட்டி தேவைப்பட்டது. நடு அறையில் சாமியார் உட்கார்ந்திருப்பார். பாவத்தைச் சொல்ல வந்தவர் வெளியே முழங்கால் போட்டு, பக்கத்துச் சல்லடைத் தகட்டின் வழியாக அவர் காதில் சொல்லுவார். பழைய பெட்டியில் துருத்திக்கொண்டிருந்த ஆணி ஒன்று போன திருவிழாவில் சாமியாரின் அங்கியைக் கிழித்துவிட்டது.

சாமியார் சொன்னார்: "ஞானராஜு, நீங்க பெட்டி செய்ங்க. திருவிழா முடியிற வரைக்கும் கிரீச்சுன்னு ஒரு சத்தம் வரக்கூடாது. வரலைன்னா அடுத்த வருசச் சப்பரம் உங்களுக்கு. வந்துச்சுன்னா கிளெமென்ட் இரும்புல செய்யட்டும்."

சப்பரம் என்றால் சும்மா இல்லை. திருவிழாவில் சொரூபம் வைத்து எடுத்துப்போகும் தேர், ஊரே பின்னால் வரும். செய்தவரின் பெயரை மைக்கில் மூன்று முறை சொல்வார்கள். ஞானராஜ் அந்த மைக்குக்காக இருபது வருடமாகக் காத்திருந்தார்.

எனவே எல்லாவற்றையும் யோசித்துச் செய்தார். சில்வர் ஓக் பலகை. மூணு நூல் கேரேஜ் போல்ட். நீளத்துக்குக் கணக்கு: பலகை கனம், வாஷர் கனம், நட்டு கனம், அதற்கு மேல் இரண்டு மரை. மண்டையெல்லாம் உள்பக்கம், இனி எந்த அங்கியும் கிழியாது. நட்டெல்லாம் வெளிப்பக்கம். கேட்காத கூரைப் பலகை ஒன்றையும் அழகுக்காகச் சேர்த்தார்.*

மினி லாரியில் கொண்டுபோகும்போது கதவு ஆடிவிடக் கூடாதே என்று, கதவையும் சட்டத்தையும் சேர்த்து இரண்டு போல்ட் தற்காலிகமாகப் போட்டார். கோயிலில் இறக்கியதும் கழற்றிவிடலாம் என்று நினைத்தார்.

* இந்தக் கூரை இல்லாமலிருந்தால் எட்டி ஏறி வெளியே குதித்திருக்கலாம். கதையும் இருந்திருக்காது. அலங்காரம் ஆளைக் கொல்லும் என்று எழுதப் போனேன், பிறகு என் வாக்கியங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

4

திருவிழாவுக்கு முந்தின சனிக்கிழமை. கோயிலுக்குள் பெட்டியை நிறுத்தி, கடைசிப் பலகை ஒன்றைத் தவிர மற்ற போல்ட்டுக்கெல்லாம் வாஷர் போட்டு, நட்டைக் கையால் பாதி திருகிவிட்டு, ஞானராஜ் டீ குடிக்கப் போனார். வந்ததும் கடைசிப் பலகையைப் பொருத்துமுன் தானே உள்ளே நுழைந்துகொண்டார். முடுக்கும்போது மண்டை பின்னால் தள்ளிக்கொண்டு வராமல் கட்டைவிரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும், அதற்குத் தன் விரலைத் தவிர வேறு விரலை அவர் நம்பவில்லை. செபஸ்தியம்மாள் பலகையைச் சாத்தி, ஸ்பேனரோடு வெளியே நின்றாள்.

"எல்லா நட்டையும் முடுக்கு. ஒண்ணு விடாத."

"கதவுல இருக்குறதையுமா?"

"எல்லாம்னா எல்லாந்தேன். வேலை நேரத்துல கேள்வி கேக்காத."

அவள் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முடுக்கினாள். வலுவாகவே முடுக்கினாள்.

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். செபஸ்தியம்மாள் தெரிந்தே முடுக்கியிருப்பாளோ? அவள் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பை எழுதிப் பார்த்தேன். பிறகு அடித்துவிட்டேன். கல்யாணமாகி இருபத்தாறு வருடம் ஆன ஒருத்தி சொன்னதைச் சொன்னபடி செய்தாள் என்றால், அதில் சிரிப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை.]

"முடிஞ்சுது. நான் போயி வெஞ்சனம் வைக்கணும்," என்றாள்.

"நீ போ. நான் செத்த நேரம் மண்டையெல்லாம் தடவிப் பாத்துட்டு வாரேன்."

ஞானராஜின் போன் அவளிடம் இருந்தது, வெளிச்சத்துக்காக வாங்கியிருந்தாள். ஸ்பேனரும் அவளிடம். இரண்டும் வீட்டுக்குப் போயின.

மண்டையெல்லாம் தடவிப் பார்த்தார். மழமழவென்று இருந்தன. தன் வேலையை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. பிறகு கதவைத் தள்ளினார்.

5

திண்டுக்கல் என்றால் கதையில் பூட்டும் பிரியாணியும் வந்தே தீர வேண்டும் என்று ஒரு நண்பர் சொன்னார். பிரியாணிக்கு இடமில்லை. பூட்டைச் சொல்லிவிடலாம்: பூட்டுக்குப் பேர் போன ஊரில், பூட்டே இல்லாத ஒரு பெட்டிக்குள் ஒரு மனிதர் அடைபட்டார்.

கத்திப் பார்த்தார். வெளியே மைக் செட் ஆள் பாட்டுப் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தான். சாமியார் கன்னிவாடியில் ஒரு கல்யாணப் பூசைக்குப் போயிருந்தார். அரைமணி நேரம் கத்தியதில் ஞானராஜுக்குத் தொண்டை கட்டிக்கொண்டு, காற்றுதான் வந்தது. கடைசியில் பலகையில் தட்டினார். டொக், டொக்.

இந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. பாவசங்கீர்த்தனத்தில் ஒருவர் எழுந்து போனதும், அடுத்த ஆளைக் கூப்பிடச் சாமியார் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். சின்ன வயதிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் ஊரில் எவருக்கும் கால் தானாக நடக்கும்.

அந்த நேரம் கோயிலுக்குள் தலையை நீட்டிய கிளெமென்டின் கால் தானாக நடந்தது. பாட்டுச் சத்தத்துக்கு மேலே பேச வேண்டுமே என்று சல்லடையோடு வாயை ஒட்டிக்கொண்டு முழங்கால் போட்டான்.

"சாமி, நான் பாவி, ஆசீர்வதிங்க."

"நான் சாமி இல்ல," என்றார் ஞானராஜ், இருந்த காற்றில்.

"தெரியும் ஃபாதர். நீங்க வெறும் கருவி. உள்ள இருந்து கேக்குறவரு கடவுளு. ஞாயித்துக்கிழமை வகுப்புல படிச்சிருக்கேன்."

ஞானராஜ் இரண்டாம் முறை மறுக்க வாயெடுத்தார். அதற்குள் கிளெமென்ட் ஆரம்பித்துவிட்டான்.

6

"காலைல எங்க மச்சான் டீ குடிக்கப் போனாப்ல. நான் உள்ள வந்து, இந்தப் பெட்டிக்கு இடது பக்கம், சனம் சாயிற பக்கம், நாலு வாஷரை உருவிட்டேன். வாஷர் இல்லேன்னா நட்டு மரத்துக்குள்ள அமுங்கிரும் ஃபாதர். நாலே நாள்ல தொளதொளன்னு ஆயி கிரீச்சுங்கும்."

பெட்டிக்குள் ஞானராஜுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. கையில் அகப்பட்டதைத் தூக்கி எறியலாமென்று பார்த்தார். மழமழவென்ற மண்டைகளைத் தவிர ஒன்றுமில்லை.

"சப்பரத்துக்காகவா?" என்றார்.

"சப்பரம் கிடக்கு ஃபாதர்." கிளெமென்டின் குரல் இறங்கிவிட்டது. "எங்க அக்காவைக் கட்டுன நாள்லேர்ந்து அந்தாளு வீட்டுக் கேட்டு நான் போட்டதுதான். ஒரு வெல்டிங்கு இதுவரைக்கும் விடல. நல்லாருக்குடான்னு ஒரு வார்த்தை வாயிலேர்ந்து வந்ததில்ல. சப்பரம் செஞ்சா பாக்காம இருக்க முடியாதுல்ல. ஊரே பாக்குறப்ப அவரும் பாத்துத்தான ஆகணும்."

[இதைச் சொன்னபோது டீக்கடையில் அந்த ஆள் சிரிப்பை நிறுத்தியிருந்தார். நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.]

ஞானராஜ் உள்ளே அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கேட்டை அவர் தினமும் வெளியே போகும்போது ஒரு முறை, உள்ளே வரும்போது ஒரு முறை தொடுவார். பற்றவைத்த இடத்தில் விரலை ஓட்டிப் பார்ப்பார். மேடு பள்ளம் இருக்காது. இப்படி ஒரு கை யாருக்கு வரும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வார். வெளியே சொன்னதில்லை. சொன்னால் மரம் தோற்றுவிடும் என்று ஒரு நினைப்பு. கோபம் எங்கே போயிற்று என்று தேடினார். வெட்கம்தான் இருந்தது.

"பரிகாரம் சொல்லுங்க ஃபாதர்," என்றான் கிளெமென்ட்.

7

முடிவுகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவு: ஞானராஜ் நான்தான்டா என்று கத்துகிறார், கிளெமென்ட் மயங்கி விழுகிறான். மயக்கம் போட்டவன் நட்டைக் கழற்ற மாட்டான். தள்ளுபடி.

இரண்டாவது: சாமியார் கன்னிவாடியிலிருந்து வந்து, தன் இடத்தில் வேறு ஆள் இருப்பதைப் பார்த்து— முடிக்கவில்லை. மேலிடத்துக் கடிதமெல்லாம் எழுத வேண்டிவரும்.

மூன்றாவது: இரும்புச் சட்டத்தில் மரப்பலகை வைத்து மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து ஒரே சப்பரமாகச் செய்கிறார்கள், மைக்கில் இரண்டு பெயரும் வருகிறது. இது பள்ளிக்கூட ஆண்டு மலரில் வர வேண்டியது. கிழித்துப்போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து இன்னொரு முறை படித்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும்.

உண்மையில் நடந்தது இதுதான். ஞானராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"மன்னிக்கிறதெல்லாம் என் கையில இல்ல. பரிகாரம் வேணா சொல்றேன். உருவுன வாஷரைத் திரும்பப் போட்டு, நாலு நட்டையும் ஒழுங்கா முடுக்கு. அப்புறம் கதவுக்கு வா. மூணு நூல் நட்டு ரெண்டு இருக்கு. அதைக் கழட்டு."

கிளெமென்ட் சட்டைப் பையில் வாஷரும் ஸ்பேனரும் வைத்திருந்தான். பக்தியோடு வேலை பார்த்தான். நாலு நட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, வாஷர் போட்டு, திரும்ப முடுக்கினான். உள்ளே ஞானராஜ் மண்டையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துக் கொடுத்தார். இருபத்தாறு வருடத்தில் இருவரும் சேர்ந்து செய்த முதல் வேலை அது. கிளெமென்டுக்குத் தெரியாது.

பிறகு கதவுக்கு வந்தான். ஒரு நட்டைக் கழற்றினான். இரண்டாவதில் ஸ்பேனரைப் போட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"ஃபாதர்."

"ம்."

"எந்தச் சாமியாருக்கு நட்டு சைஸ் தெரியும்?"

வெளியே மைக் செட் ஆள் பாட்டை நிறுத்தியிருந்தான். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

"மச்சான்?" என்றான் கிளெமென்ட், மெதுவாக.

பலகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தொண்டை கட்டிய, காற்றுக் குரல்.

"மாப்ளை. எனக்கும் ஒண்ணு சொல்லணும்டா. அந்தக் கேட்டு—"

8

இந்த இடத்தில் கொடைரோடு பஸ் வந்துவிட்டது. கதை சொன்னவர் போல்ட் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறிவிட்டார். அவர் பெட்டிக்குள் இருந்தவரா வெளியே இருந்தவரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இங்கே எழுத மாட்டேன். பெட்டியில் கேட்டது பெட்டியோடு இருக்க வேண்டும் என்பார்கள், நான் ஏற்கெனவே ரொம்பச் சொல்லிவிட்டேன்.

ஆகவே ஸ்பேனரை உங்களிடம் தருகிறேன். ஒரு நட்டு மிச்சமிருக்கிறது. இப்போதே கழற்றினால் கதவு திறக்கும், ஞானராஜ் வெளியே வருவார், வெளிச்சத்தில் பழைய ஞானராஜாகிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போய்விடுவார். கேட்டைப் பற்றி மறுபடி பேச மாட்டார். எனக்கு அவரைத் தெரியும். செத்த நேரம் பொறுத்தால், அந்த வாக்கியத்தை முடித்துவிடுவார்.

நான் ஒன்றும் செய்ய முடியாது. என் பக்கம் வெறும் மண்டைதான் இருக்கிறது.