பழுப்புக்குள் இருந்த நிறம்

அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மார்லா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள், அப்பாவைப் போலவே பாம்பு வளர்க்கும் அவருடைய நண்பர் கர்டிஸ், அப்பாவின் பாம்பு அறை வாசலில் தலையணை உறை ஒன்றை உதறிக்கொண்டு நின்றார். பாம்பைப் போட்டுக் கட்டிக் கொண்டுபோக அதுதான் தோது. சற்றுமுன் அப்பாவின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அவரும் ஒருவர். கோட்டில் குத்திய வெள்ளைப் பூ இன்னும் வாடவில்லை.

"அந்தப் பழுப்புப் பொட்டைய மட்டும் நான் கொண்டுபோறேம்மா. குட்டி போடுற நேரம். உன்னால சமாளிக்க முடியாது."

மார்லாவுக்குச் சுருக்கென்றது. அறை நிறைய, முட்டையிடாமல் குட்டி போடும் போவா பாம்புகள், எல்லாம் விலைபோகிறவை: பால்வெள்ளை, ரத்தச் சிவப்பு, புள்ளியே இல்லாத முதுகு. இந்த மனிதர் கேட்பதோ, ஃப்ளோரிடா முழுக்க ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத பழுப்பை!

"அதுல அப்படி என்ன இருக்கு அங்கிள்?"

"ஒண்ணுமில்ல. பாவமா இருக்கு, அவ்வளவுதான்."

பாவமாம்! அது அப்பாவின் சொந்த வம்சம். அந்த வம்சத்தின் நிறம் வெளிர் ஆரஞ்சு, முதுகு நெடுக ஒரே கோடு. பாதி ஆயுளைக் கொட்டி அப்பா உருவாக்கிய அந்த நிறம் வேறு யாரிடமும் கிடையாது. பழுப்புக்குள் ஒளிந்தே வரும். தாய், தகப்பன் இரண்டிலும் ஒளிந்திருந்தால்தான் குட்டியில் வெளியே தெரியும். சில வருடங்களுக்கு முன் அந்த நிறத்தில் ஒரு குட்டி காணாமல் போனது. வடிகாலில் போயிருக்கும் என்று அப்பாவோடு சேர்ந்து தேடியவரும் இதே கர்டிஸ்தான்.

"இங்கயே போடட்டும். நான் பாத்துக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

கர்டிஸ் போகவில்லை. அவரும் உட்கார்ந்தார். சமையலறையில் சர்ச்சுப் பெண்கள் பன்றித் தொடையை வெட்டிக்கொண்டு, அவள் அப்பா வெர்னன் எவ்வளவு நல்லவர் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

பாம்பு உடலை முறுக்கியது. ஈரச் சவ்வோடு குட்டிகள் வழுக்கி விழுந்தன. பழுப்பு. மறுபடியும் பழுப்பு. கர்டிஸ் நிம்மதியாக மூச்சு விட்டது கேட்டது.

அடுத்தது வெளிர் ஆரஞ்சு நிறத்தில் வந்தது. முதுகில் ஒரே கோடு.

இதன் தகப்பன் கர்டிஸ் வீட்டு ஆண் பாம்பு. இரவல் கேட்டுப் போன அன்று பழுப்பு ஆண் பாம்பு இருந்த ஒரு டப்பாவை அப்பாவே காட்டியது மார்லாவுக்கு நினைவு வந்தது.

"அது வேணாம் வெர்னன், கடிக்கும்."

"கடிச்சா கடிச்சுட்டுப் போவுது. அதையே குடு."

அன்றைக்கு அப்பா ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்தது. வடிகாலாம், வடிகால்! காணாமல் போன குட்டி இவர் வீட்டில்தான் வளர்ந்து வம்சம் பெருக்கியிருக்கிறது.

கர்டிஸ் தரையையே பார்த்தார். "வெர்னனுக்குத் தெரியுமா?"

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. ஆஸ்பத்திரியில, பெட்டிய யாரு தூக்கணும்னு கேட்டேன். முதல்ல உங்க பேரைத்தான் சொன்னாரு."

கர்டிஸ் கோட்டிலிருந்த பூவைக் கழற்றினார். எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். மார்லா தலையணை உறையை நான்காக மடித்து அவர் மடியில் வைத்தாள்.