மதிலோரத்துத் தூண்

பழனியப்பன் முன்பெல்லாம் மாடிக் குளியலறைக்குப் போனால் போன வேகத்தில் திரும்பிவிடுவார். அம்பாங்கில் அவர் வீட்டு மதிலை ஒட்டிக் அடுக்குமாடிக் காண்டோ கட்டுவதற்கு அஸ்திவாரப் பைலிங் ஆரம்பித்த நாளிலிருந்து அந்தக் குளியலறைதான் அவருக்கு ஆபீஸ். ஜன்னலில் எல்லாம் தெரியும். நீளமான இரும்புத் தூணைக் கிரேன் நிமிர்த்திப் பிடிக்கும், மேலிருந்து சுத்தியல் விழும், தூண் மண்ணுக்குள் இறங்கும். முழுக்க இறங்கியதும் அதன் தலையில் இன்னொரு துண்டை வெல்டிங் செய்து மறுபடியும் அடிப்பார்கள். கடைசியில் தூண் பாறையில் முட்டி அசைய மறுக்கும்போது சத்தமே மாறிவிடும். அப்போது அவருக்கு, தானே அடித்து இறக்கியதுபோல அப்படி ஒரு திருப்தி.

மனைவி ரஞ்சனிக்கு வயிற்றெரிச்சல். இருவரும் ஆயுசு முழுக்கத் துணிக்கடையில் நின்று சம்பாதித்த ஒரே வீடு அது. அடுக்களைச் சுவரில் ஏற்கெனவே மெல்லிசாக ஒரு விரிசல் ஓடியிருந்தது.

"செலாயாங்குக்கு, ஹேமா வீட்டுக்குப் போயிருவோம்ங்க. மகதானே, ரூம் சும்மாதான் கெடக்கு."

"நாம போயிட்டா வீட்ட யாரு பாத்துக்குவா?" என்பார் பழனியப்பன். வீட்டைப் பார்க்க அவருக்கு எங்கே நேரம்?

மதிலோரத் தூண் ஒன்றுதான் அவரைப் படுத்தி எடுத்தது. மற்றதெல்லாம் இரண்டே துண்டில் பாறையைத் தொட்டு நின்றுவிட, இது மூன்றாவதையும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்டது. அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலி இடுக்கில் நின்று சைட் இன்ஜினியர் கௌசலாவைக் கூப்பிட்டார்.

"என்னம்மா, இது மட்டும் போய்க்கிட்டே இருக்கு?"

"ஈயம் தோண்டுன எடம்ல அங்கிள். அடியில சுண்ணாம்புப் பாறை. உள்ள குகை குகையா இருக்கும் லா. தூண் அதுக்குள்ள எறங்குது."

"குகைன்னா, ஆளு நிக்கலாமா?"

"யாரு போயி பாத்தா?" என்று சிரித்தாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. இந்த ஊரில் தூண் சுலபமாக இறங்கினால் குகை என்று சொல்லாத ஆள் கிடையாது. பழனியப்பனோ அன்று முழுக்கக் குகையிலேயே குடியிருந்தார். அங்கே தண்ணீர் இருக்குமா, மீன் இருக்குமா, அந்த மீனுக்கு இந்தச் சத்தம் கேட்குமா என்று ரஞ்சனியைத் துளைத்தெடுத்தார்.

மறுநாள் காலை நான்காவது துண்டை அடித்துக்கொண்டிருந்தார்கள். மதிலுக்கு எதிர்ப்பக்கம், வீட்டின் மறுகோடியில், அடுக்களையைத் தாண்டித் துணி துவைக்கும் இடத்திலிருந்து ரஞ்சனி கத்தினாள்.

"ஏங்க, இங்க வாங்க! தரை தட்டுது!"

முனகிக்கொண்டே இறங்கி வந்தவர், சிமென்டில் குப்புறப் படுத்துக் காதை வைத்தார். வெளியே சுத்தியல் விழுந்தது. அதே நொடியில் காதுக்கு அடியில் ஓர் அடி. மிகக் கிட்டத்தில். அடுத்த அடிக்குத் தரை அவர் கன்னத்தை மெதுவாக மேலே தள்ளியது.

தூண் கீழே போகவில்லை. எங்கேயோ சரிவான பாறையில் முட்டி, வழுக்கி, வளைந்து, மேல்நோக்கி வந்துகொண்டிருக்கிறது.

"ரஞ்சி, ஓடிப்போயி நிறுத்தச் சொல்லு!"

பயந்தார், நன்றாகவே பயந்தார். ஆனாலும் காதை எடுக்க மனம் வரவில்லை. ரஞ்சனி வெறுங்காலோடு ஓடிச் சேர்வதற்குள் இன்னும் சில அடிகள் விழுந்துவிட்டன. சிமென்ட் பிளந்தபோதுதான் துள்ளி எழுந்தார்.

கௌசலா வந்து பார்த்தாள். ஈர மண்ணுக்கு நடுவே, வாழைக்கன்று முளைத்ததுபோல, ஒரு பக்கம் மடங்கிய இரும்பு முனை. மண் தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது. குனிந்து தொட்டவள் சூடு தாங்காமல் கையை இழுத்துக்கொண்டாள்.

"சாரி அங்கிள். குகைன்னு நெனச்சிட்டேன்."

"இத வெளிய உருவிருவீங்கள்ல?" என்றாள் ரஞ்சனி.

"உருவலாம் ஆன்டி…" கௌசலா அடுக்களைச் சுவரைப் பார்த்தாள். அந்த விரிசல் இப்போது விரல் நுழையும் அகலத்தில் கூரைவரை போயிருந்தது. "ஆனா உருவுனா வீடும் கூடவே வந்துரும்."

பழனியப்பன் முனையிலிருந்து மதில்வரை கண்ணால் ஒரு கோடு இழுத்தார். அது அடுக்களைக்கு அடியில், சாமி அறைக்கு அடியில் போனது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சொந்த வீட்டுக்குள் அடிமேல் அடி வைத்து, பாதம் அழுந்தாமல் நடந்தார்.