பத்து நாள் அணி

என் முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோலைவிட வாய்கள்தான் அதிகம் வேலை செய்யும். நாடுகள் மோதும் கால்பந்துக் கோப்பை தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். என் மனைவியின் தம்பிகள் இருவருமே அந்த ஆண்டு நாட்டு அணியில் இருந்தார்கள். பெரியவன் வெளிநாட்டில் ஒரு பெரிய கிளப்பின் தடுப்பாட்டக்காரன். சின்னவன் உள்ளூர் அணியின் கோல்கீப்பர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் மசியவில்லை.

"கிளப் ஆட்டம்தான்யா ஆட்டம். வருஷம் பூரா ஒண்ணா ஆடுறவனுங்க. கண்ணைக் கட்டி விட்டாலும் எவன் எங்க நிக்கிறான்னு தெரியும். உங்க நாட்டு டீம் பத்து நாள் கூடிக் கலையுற கல்யாணக் கூட்டம்."

"கல்யாண வீட்டுச் சந்தோஷம் உன் தையல் மெஷின்ல வருமா? அண்ணன் தம்பிக்கு எதுக்குய்யா பயிற்சி?" என்றேன். கடையே சிரித்தது.

அரையிறுதியில் ஒரு பந்து உயரமாக வந்தது. பெரியவனின் கிளப்பில் அப்படிப்பட்ட பந்துக்கு கோல்கீப்பர் கோல்கோட்டிலிருந்து நகரக் கூடாது. அதை உதைத்து அனுப்புவது தடுப்பாட்டக்காரன் வேலை. சின்னவனின் அணியில் நேர்மாறு. உயரப் பந்து எதுவானாலும் கீப்பர் ஓடிவந்து பிடிக்க வேண்டும். இருவரும் அவரவர் பழகியதையே செய்தார்கள். பெரியவன் திரும்பிப் பார்க்காமல் காலை வீசினான். பூட்ஸ் தம்பியின் முகத்தில் இறங்கியது.

சவரம் பாதியில் நிற்க, நுரையோடு அமர்ந்திருந்தவர்தான் டிவியை அணைத்தார்.

இடது கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் பெரியவன் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தான். என் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாரைத் திட்டுறது, யாருக்காக அழுறது? நீங்களே சொல்லுங்க," என்று என்னிடம் கேட்டாள். தம்பிக்கு இனி கீப்பர் வேலை கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

சின்னவன்தான் அண்ணனை விரட்டினான். "கிளப்புக்குப் போடா. நீயாவது ஆடு. நீயும் மூலையில உட்கார்ந்தா நான் என்னத்துக்கு இப்படிக் கிடக்கேன்?"

பெரியவன் போனான். கிளப் கோப்பையில் அவன் மீண்டும் இறங்கிய ஆட்டத்தை என் கடையில்தான் பார்த்தோம். சின்னவன் கண்ணில் கட்டோடு நடு நாற்காலியில். தையல்காரரும் வந்திருந்தார்.

உயரப் பந்து வந்தது. உதைக்க வேண்டிய பெரியவன் காலைத் தூக்காமல் பின்னால் திரும்பினான். அந்த ஒரு நொடி போதும், எதிரணிக்காரன் தலையால் தட்டிக் கோலாக்கினான். அடுத்த பந்துக்கும் அப்படியே திரும்பினான். மறுபடி கோல். பயிற்சியாளர் அவனை வெளியே அழைத்துக்கொண்டார். தலையில் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு அவன் உட்கார்ந்தான். அவன் ஆட்டம் அன்றோடு முடிந்தது என்று எனக்குப் புரிந்தது. பாழாய்ப்போன அந்த ஒரு உதை இரண்டு பேரையும் வாரிக்கொண்டு போய்விட்டது.

"மாமா, அவனோட கீப்பர் முன்னால ஓடி வந்தானா?" என்று சின்னவன் கேட்டான்.

"இல்லடா. கோட்டுலயேதான் நின்னான்."

"தெரியும்," என்றான் சின்னவன். "அவன் என்னைத் தேடுறான் மாமா."