கத்தரி சொன்ன நல்ல வார்த்தை

தையலம்மாவின் வாய் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் இத்தனையும் வந்திருக்காது. அதை இப்போது அவளே சொல்கிறாள். அவள் அன்றைக்கு வைதிருந்தால்கூடப் பரவாயில்லை. வாழ்நாளெல்லாம் வைதவள் ஒரே ஒரு தடவை பாராட்டித் தொலைத்தாள். அது போய் இப்படி முடிந்தது.

அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருப்பது புருஷனும் பெண்டாட்டியுமாக இரண்டே பேர். அவள் வீட்டிலேயே மெஷின் போட்டுத் தைக்கிறவள். பள்ளிச் சீருடை, ஜன்னல் திரை, ஆஸ்பத்திரிக்காரர்களின் வெள்ளை மேலங்கி, எது வந்தாலும் தைப்பாள். தெருவுக்கு அவள் தையலம்மா. வீட்டுக்குள் அவள் பெயர் கத்தரி. கணவர் வைத்த பெயர். துணி வெட்டுகிறாள் என்பதற்காக வைத்ததல்ல என்று அவளுக்கும் தெரியும். அவர் கட்டட வரைபடம் போடும் அலுவலகம் ஒன்றில் முப்பத்திரண்டு வருடம் கோடு கிழித்து ஓய்வு பெற்றவர். மாடிப்படி இறங்கும்போதும் சுவரோரமாக நூல் பிடித்தாற்போல் இறங்குவார் என்று கீழ்வீட்டுப் பிள்ளைகள் அவருக்கு ஸ்கேல் மாமா என்று பெயர் வைத்திருந்தார்கள். அது காதில் விழுந்தும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரப் பெருமைதான் என்று நினைக்கிறேன்.

வேலையை விட்ட மறுமாதமே மனிதர் படம் வரைய உட்கார்ந்துவிட்டார். ஆள், மரம், வீடு எதுவும் கிடையாது, தண்ணீர் மட்டும். ஏரி, கால்வாய், பாலத்தடி, மழை விட்ட பிறகு தெருவில் தேங்கிய குட்டை. எண்ணெய் வண்ணத்தின் வாடை தைக்கிற துணியில் ஏறிவிடும் என்று கத்தரி முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் அக்ரிலிக். அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காய்ந்தால் ரப்பர்த் தோல்தான், அப்புறம் எந்தத் தண்ணீரிலும் கரையாது. காயும்போது நிறம் ஒரு படி கறுக்கும், ஆகவே ஒரு படி வெளுப்பாகவே குழைக்க வேண்டும். இதையெல்லாம் அவர் நோட்டுப் போட்டு எழுதி வைத்துக்கொண்டார். இம்ப்ரெஷனிஸ்ட் பாணி என்று அவளுக்கு வகுப்பு வேறு எடுத்தார். தூரிகையை நீளமாக இழுக்கக் கூடாதாம். நீலத்துக்குப் பக்கத்தில் ஆரஞ்சு, பச்சைக்குப் பக்கத்தில் ஊதா என்று சின்னச் சின்னத் தீற்றலாக வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்றால், பார்க்கிற கண்ணே கலந்துகொள்ளுமாம். கறுப்பு டியூபைத் தொடவே கூடாதாம்.

எல்லாம் சரி, கை யாருடைய கை? ஸ்கேல் மாமாவின் கை. ஒவ்வொரு தீற்றலும் அளந்து வெட்டினதுபோல ஒரே நீளம், ஒரே சாய்வு. படம் முடிந்ததும், "எப்படி இருக்கு கத்தரி?" என்று கேட்பார். ஏரிக்கு ஓடு வேய்ந்திருக்கிறீர்கள் என்பாள் அவள். இந்தத் தண்ணீரில் கல்லை விட்டெறிந்தால் முங்காது, டங்கென்று சத்தம்தான் வரும் என்பாள். அவருக்கு முகம் சுண்டாது. சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குத் துணி இழுத்துக் கட்டுவார். பதிலைத் தெரிந்துகொண்டே ஒரு மனிதர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்கிறார் என்று அவள் யோசிக்கவே இல்லை. யோசித்திருக்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலையில், வெட்டின துணியை இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு அவர் வரையும் அறையைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். பாலத்தடிக் கால்வாய். தீற்றல்களின் ஓரங்கள் கலைந்து ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடந்தன. வெயில் தண்ணீரில் துண்டு துண்டாக உடைந்து நகர்ந்தது. சும்மா சொல்லக் கூடாது, பாலத்தின் நிழல்கூட நெளிந்தது. கையிலிருந்த துணி நழுவி விழுந்ததும் அவளுக்குத் தெரியவில்லை.

"இப்பதாங்க தண்ணி அசையுது," என்றாள். "நல்லா இருக்கு."

அவர் திரும்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு மாதத்தில் வீடே மாறிப்போனது. படங்களுக்குச் சட்டம் போட்டுத் தரும் கடைக்காரர் அந்தக் கால்வாயைப் பார்த்துவிட்டு, நூலகத்து நடையில் மாட்ட இதே மாதிரி பன்னிரண்டு படம் வேண்டும் என்றார். மாமா விசிலடித்துக்கொண்டே தூரிகை கழுவினார். அப்போதுதான் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அவருடைய ஸ்பூன் தட்டின் விளிம்பில் கடகடவென்று தந்தியடித்தது. இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். இரண்டு பேரும் கேட்காத மாதிரி இருந்தார்கள். பிறகு கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாகிவிட்டது. பிறகு சட்டைப் பொத்தான். ஒரு பொத்தானை ஓட்டைக்குள் நுழைக்க அவர் ஐந்து நிமிடம் போராடுவதைக் கதவிடுக்கில் பார்த்தாள். தண்ணீர் ஏன் அசைந்தது என்று அந்த நிமிடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. எதைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொன்னோம் என்று நினைத்து, தைத்த துணியையே மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

நரம்பு டாக்டர் மாத்திரை எழுதினார். மூன்று வேளை, ஒரு வேளை தவறக் கூடாது, தவறினால் நடை தடுமாறும், விழுந்து வைப்பார் என்று படித்துப் படித்துச் சொன்னார். அவளும் அப்படியே செய்தாள். மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்து, டம்ளரைக் கொடுத்து, தொண்டை ஏறி இறங்கும்வரை எதிரே நிற்பாள். இரண்டு மாதத்தில் நல்ல பலன். ஸ்பூன் வாயை மூடிக்கொண்டது. பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். அவர் வரைந்த ஏரியில் திரும்ப ஓடு வேய்ந்திருந்தது.

"எப்படி இருக்கு கத்தரி?"

அவளுக்கு அவர் கை நின்ற சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில், பழைய ஓடு திரும்ப வந்துவிட்டதே என்று கைகொட்டிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். சட்டக் கடைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. தாடையைத் தேய்த்துக்கொண்டு, அந்தக் கால்வாய் மாதிரி போடுங்க சார் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் தண்ணீர் மறுபடி அசையத் தொடங்கியது. கூடவே பொத்தான்களும் நழுவத் தொடங்கின. தினம் காலையில் அவளே சட்டை மாட்டிப் பொத்தான் போட்டு விட்டாள். பொத்தானுக்குப் பதில் அமுக்கினால் ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்துத் தைத்துத் தருகிறேன் என்றதற்கு, நான் என்ன கைக்குழந்தையா என்று எரிந்து விழுந்தார். அவள் டாக்டரிடம் போய், மாத்திரை கேட்க மாட்டேன் என்கிறதே என்று அழாத குறையாகச் சொன்னாள். டாக்டர் அளவை ஏற்றினார். ஏற்றியும் காலையில் கை ஆடியது. மத்தியானத்துக்குமேல் தலை சுற்றியது. நோய் முற்றிவிட்டது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அவர் குளியலறையில் விழுந்தார். நெற்றியில் நான்கு தையல். ஆஸ்பத்திரியில் ஊசி பிடித்த பெண்ணின் கையையே தையலம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வாழ்க்கையில் அதைவிடக் கோணலான தையலைப் பார்த்ததில்லை. வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவரைப் படுக்க வைத்துவிட்டு, கை சும்மா இருக்க மாட்டாமல் அவருடைய அறையை ஒதுங்க வைக்கப் போனாள். தூரிகைகள் காய்ந்து விறைத்திருந்தன. வண்ணம் குழைக்கிற தட்டு என்பது அவர்கள் வீட்டில் ஒரு பழைய ஜன்னல் கண்ணாடிதான். அதில் காய்ந்த வண்ணத்தை வெந்நீர் விட்டு ஊறவைத்து, வாரம் ஒருமுறை தோல் தோலாக உரித்தெடுப்பது எப்போதும் அவள் வேலை. கொஞ்ச காலமாக அவரே உரித்து எறிந்துவிட்டு வந்தார். உனக்கு எதற்குச் சிரமம் என்றார். பாரேன், இந்த வயதில் இவருக்கு வந்த கரிசனத்தை என்று அவள் குளிர்ந்துகூடப் போயிருந்தாள்.

நீலம் ஒரு தோலாக வந்தது. பச்சை வந்தது. கண்ணாடியின் மூலையில் வெள்ளை மட்டும் ஒரு குன்றாகத் தடித்துக் கிடந்தது. வெள்ளையை இப்படியா வீணடிப்பார் மனிதர் என்று முனகிக்கொண்டே நெம்பினாள். குன்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே பட்டன் வைத்துத் தைத்த மாதிரி ஒரு மாத்திரை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கத்தரிக்கோலை எடுத்து வந்து, தையல் பிரிக்கிற மாதிரி பொறுமையாக வெட்டி வெட்டி எடுத்தாள். ஆறு மாத்திரைகள். கடைசியாக அவர் உரித்த பிறகு வந்த காலைகள் அத்தனையும் அங்கே இருந்தன.

அந்த மாத்திரைகளை வெள்ளைத் தோலோடு கொண்டுபோய்ப் படுக்கையில் அவர் கைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். பிறகு சுவரைப் பார்த்தார்.

கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்து, கெட்டியான வெள்ளையில் அழுத்தி மேலே இன்னொரு அப்பு அப்பிவிடுவாராம். பத்து நிமிடத்தில் காய்ந்துவிடும். காலை வேளை மட்டும்தான், வரைகிற நேரம் அது ஒன்றுதானே என்று ஏதோ சின்ன விஷயம்போலச் சொன்னார். அவளுக்கு ஆத்திரம் மண்டைக்கு ஏறியது. டாக்டரிடம் போய் நின்றதையும், அவர் அளவை ஏற்றியதையும், அதைத் தன் கையாலேயே மத்தியானமும் சாயங்காலமும் கொடுத்ததையும் சொல்லி, என்னை வைத்தே உங்களைக் கொல்லப் பார்த்தீர்களா என்று கேட்டாள். அந்தக் கடைக்காரருக்காகவா, நூலகத்துச் சுவருக்காகவா என்று கேட்டாள்.

"அவரு கெடக்குறாரு," என்றார். கை விரிப்பின்மேல் படபடத்தது. மற்றக் கையால் அதை அமுக்கிக்கொண்டார். "இத்தன வருஷத்துல நீ ஒரே ஒரு படத்தத்தான் நல்லா இருக்குன்னு சொன்ன."

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

பிறகு எழுந்து அவருடைய அறைக்குப் போனாள். மாத்திரை கேட்டுக்கொண்டிருந்த அந்த இரண்டு மாதத்தில் அவர் வரைந்த ஏரியைத் தூக்கி வந்து கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் நிறுத்தினாள். பார்த்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இதுவும் நல்லாத்தாங்க இருக்கு," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் நெற்றித் தையல் இழுத்து முகத்தைச் சுளித்தார். "உனக்குப் பொய் சொல்ல வரல கத்தரி. விட்டுரு."

"ஆமா, பொய்தான்," என்றாள் அவள். "இதுல தண்ணி அசையல. அதுல அசைஞ்சது உங்க நடுக்கம். அது தெரியாம உங்க சீக்கைப் பாத்து நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். எனக்கு அந்தத் தண்ணி வேணாம். நீங்க விழாம நடந்தாப் போதும்."

அவள் டாக்டர் அறைக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஏற்றின அளவை விட்டுப் பழைய அளவுக்கே வரச் சொன்னார்கள். இப்போது ஒன்று கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள்.

"வாயத் திறங்க."

திறந்தார். நாக்கைத் தூக்கியும் காட்டினார். கன்னத்தின் இரண்டு பக்கமும் அவள் குனிந்து பார்த்தாள். அதைச் செய்ய வேண்டிவந்ததே என்று அவளுக்கு அழுகை முட்டியது.

பிறகு இரண்டு பேரும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ரொம்ப நேரம் கட்டை விரல் ஆள்காட்டி விரலை உரசிக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்து உரசல் மெதுவானது, விட்டு விட்டு வந்தது, பிறகு வரவில்லை. கை விரிப்பின்மேல் அசையாமல் கிடந்தது. நின்றுவிட்டதே என்று இருவருக்கும் சந்தோஷம் வரவில்லை.

அவர் எழுந்து உட்கார்ந்து மாற்றுச் சட்டையைக் கேட்டார். அவள் மாட்டிவிட்டுப் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவர் அந்தக் கையை மெல்ல விலக்கினார். கீழிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக, ஆறு பொத்தானையும் கழுத்துவரை தாமே போட்டார். சட்டையை இழுத்து நேர் செய்துகொண்டு எதிரே நாற்காலியிலிருந்த ஏரியைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"எப்படி இருக்கு கத்தரி?"

சட்டையைக் கேட்கிறாரா, படத்தைக் கேட்கிறாரா என்று அவள் கேட்கவில்லை.

"நேரா இருக்கு," என்றாள்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டு, சட்டையோடேயே படுத்துச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.