ஒழுகாத வீடு

கட்டுகஸ்தோட்டையில் நாங்கள் வாங்கிய வீட்டில், முன்பிருந்த வெள்ளைக்காரன் விட்டுப்போன குழாய்கள் சுவருக்குச் சுவர் நீட்டிக்கொண்டிருந்தன.

"சும்மா கெடக்கிற குழாயெல்லாம் நானே அடைக்கிறேன், ஆள் எதுக்கு?" என்றார் என் கணவர் சாலிஹ். புடவைக் கடைக்காரர், அதுவரை சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை.

எங்கள் தெருவுக்குக் காலையிலும் மாலையிலும்தான் தண்ணீர் வரும். இந்த மனிதர் நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தார். தண்ணீர் வராததெல்லாம் சும்மா கிடப்பதுதானாம். "இது அரை இஞ்சி, இது முக்கா இஞ்சி" என்று குழாயின் அளவு பார்த்து, சணல் சுற்றி, பெட்டியிலிருந்து இரும்பு மூடி எடுத்துப் போட்டு இறுக்கினார். சமையலறைக் குழாயையும் விடவில்லை.

மறுநாள் காலை தண்ணீர் வரும் நேரத்துக்குப் பக்கத்து வீட்டு றவூப் நானாவைக் கூட்டிவந்தார்.

"ஒரு சொட்டு ஒழுகுதா, பாருங்க நானா!"

நானா எல்லா மூடியையும் தடவிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! எங்கட ஊட்டுக்கும் வாங்களேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெறும் குடத்தைக் கணவரின் கையில் திணித்தேன். "கீழ மகாவலி ஆறும் ஒழுகிக்கிட்டுத்தான் ஈக்கிது. போய் அதையும் அடைச்சிட்டு வாங்க!"

அவர் குடத்தைக் கீழே வைத்தார். மூடிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

"அது எத்தன இஞ்சி?"