முந்நூற்றுப் பதினாறு பேரும் மிதுனனும்

எங்கள் வீட்டுக் கண்ணாடி அலுமாரியில் கோப்பையோ பீங்கானோ கிடையாது. அங்கே முந்நூற்றுப் பதினாறு இளைஞர்கள் இருக்கிறார்கள். கையில் பேஸ்போல் மட்டையோ பந்தோ வைத்துக்கொண்டு, உள்ளங்கை அளவு அட்டையில் பல் தெரியச் சிரித்தபடி, நெஞ்சுக்குக் குறுக்கே நீல மையில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். இவர்களில் ஒருவரையும் உங்களுக்குத் தெரியாது. வெட்கப்படவேண்டாம், அமெரிக்காவில் இருக்கிறவர்களுக்கும் தெரியாது.

என் மனுசன் நவரட்ணம் சேர்க்கிறது மைனர் லீக் ஆட்டக்காரர்களின் அட்டைகளை. தொலைக்காட்சியில் வருகிற பெரிய ஆட்கள் வேறு. இவர்கள் அவர்களுக்குக் கீழே சிங்கிள் ஏ, டபிள் ஏ, ட்ரிபிள் ஏ என்று படிப்படியாய் ஏறி, ஒருநாள் மேலே கூப்பிடுவார்கள் என்று பஸ்ஸில் ஊர் ஊராய்த் திரிகிற பெடியன்கள். முக்கால்வாசிப் பேரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. என் மனுசனுக்கு அவர்கள்தான் வேண்டும்.

இவருக்கு ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு வெயர்ஹவுசில் வேலை. வந்து குளித்துச் சாப்பிட்டபிறகு மேசையை இரண்டு தரம் துடைப்பார். அட்டையின் மினுக்கத்தில் பேனை வழுக்குமாம். அதற்காகப் பஞ்சில் பேபி பவுடரைத் தொட்டு அட்டையின் முகத்தில் மெல்லமாய்த் தேய்ப்பார். எங்கள் மகள் மயூரி குழந்தையாய் இருந்தபோது இந்த மனுசன் அவளுக்கு ஒருநாளாவது இவ்வளவு பக்குவமாய்ப் பவுடர் போட்டிருந்தால் நான் கோயிலில் நூறு தேங்காய் உடைத்திருப்பேன். பிறகு கையெழுத்துக் கேட்டு அந்தப் பெடியனுக்கு ஒரு கடிதம். கூடவே எங்கள் விலாசம் எழுதி, அமெரிக்க முத்திரை ஒட்டின திருப்பி அனுப்பும் உறை. சிலது மூன்று மாதத்தில் வரும், சிலது வராமலே போகும். கோடை வந்தால் கடிதத்தை விட்டுவிட்டு எல்லை தாண்டி நேரே பஃபலோ மைதானத்துக்கே போய்விடுவார்.

"ஏனப்பா, வாங்கிறதுதான் வாங்கிறியள், பெரிய ஆக்களின்ரை கையெழுத்தை வாங்கினால் என்ன?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பெரியவங்கள் குனிஞ்சபடி போட்டிட்டு அடுத்த ஆளிட்டைப் போயிடுவாங்கள். உவங்கள் நிமிர்ந்து என்ரை முகத்தைப் பாத்து, தாங்க்யூ சேர் எண்டு சொல்லுவாங்கள். இந்த முப்பது வருசத்திலை வெயர்ஹவுசிலை என்னை ஆர் சேர் எண்டது?"

பதில் இல்லாத இடத்தில் நான் வழக்கமாய்ச் செய்வதைத்தான் அன்றும் செய்தேன். தோய்த்த உடுப்பு மடிக்காமல் கிடக்கிறது என்று ஏசினேன்.

மிதுனன் எங்கள் தெருவில் ஆறு வீடு தள்ளியிருக்கிற புனிதவதியின் மகன். இடதுகைப் பந்தெறிகாரன். அவன் பத்து வயதில் மைதானம் மைதானமாய்ப் போய் எறிந்துகொண்டிருந்தபோது, "பிள்ளையைப் படிக்கவிடாமல் உதென்ன விளையாட்டு?" என்று கேட்காத தமிழ்ச்சனம் இல்லை. பார்க்கப்போன ஒரே தமிழாள் என் மனுசன்தான். மடக்குக் கதிரையும் தேத்தண்ணிப் போத்தலுமாய்ப் போய், மழை வந்தாலும் அசையாமல் இருப்பார். புது ஆட்டக்காரர்களைப் பொறுக்குகிற வருடாந்தத் தெரிவில், இருபதாவது சுற்றில், ஓர் அமெரிக்கக் குழு மிதுனனைத் தெரிவுசெய்தது. அதோடு தமிழ்ப் பேப்பரின் முன்பக்கத்தில் அவன் படம் வந்தது. மறுநாளே ரொறன்ரோ முழுக்க அவன் "எங்கட பெடியன்" ஆகிவிட்டான். கேள்வி கேட்ட அதே வாய்கள்தான்.

இந்த வருசம் வசந்தத்தில் ட்ரிபிள் ஏக்கு ஏறிவிட்டான். அதற்கு மேலே ஒரே ஒரு படி. அவனுடைய முதல் அட்டையும் அப்போதுதான் அச்சாகி வந்தது. இவர் அந்தக் குழுவின் கடைக்குப் போன் அடித்து எடுப்பித்து, பவுடர் போட்டு, பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்துவிட்டார்.

"மிதுனன் தையிலை வீட்டை வந்து நிண்டவன்தானே, அப்பவே ஒரு வெள்ளைத் தாளிலை வாங்கியிருக்கலாமே?" என்றேன்.

"உமக்கு ஒண்டும் விளங்காது. வீட்டிலை வாங்கினால் அது கையெழுத்தில்லை. அவன் உடுப்போடை மைதானத்துக்குள்ளை நிக்கவேணும், நான் வேலிக்கு இஞ்சாலை சனத்தோடை நிக்கவேணும்."

மிதுனனின் குழு ஆனி மாதம் ஒரு கிழமை பஃபலோவுக்கு விளையாட வருகிறது என்று அறிந்து, வெயர்ஹவுசில் அந்தச் சனிக்கிழமை லீவும் எடுத்தார். அவர் ஒரு நாளுக்காக இப்படிக் காத்திருந்ததை எங்கள் கலியாணத்திலும் நான் காணவில்லை.

கெடுத்தது நான்தான். அதை மறைக்க விரும்பவில்லை.

வைகாசியில் ஸ்காபரோ மண்டபம் ஒன்றில் எங்கள் சினேகிதி சஜிதாவின் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீடு. சாப்பாட்டு மேசையில் ஒருத்தி, "அருள்மலரக்கா, அண்ணை சேத்து வைச்சிருக்கிற காட் அட்டையள் எல்லாம் ஒரு காலத்திலை பெறுமதி வருமோ?" என்று கேட்டாள். எனக்குச் சபை கண்டால் வாய் நிற்காது.

"எங்கை வாறது? எங்கட மனுசனுக்குக் கையெழுத்துப் போட்டவன் ஒருத்தனும் மேலை போனதாய்ச் சரித்திரம் இல்லை. முந்நூற்றுப் பதினாறு பேர்! ஒருத்தனுக்குக் கை போச்சுது, ஒருத்தனுக்குக் கால் போச்சுது, மிச்சப்பேரை வீட்டை அனுப்பிப்போட்டாங்கள். அப்பிடி ஒரு ராசி இவருக்கு!"

மேசை குலுங்கச் சிரித்தார்கள். நானும் பெருமையாய் இன்னொரு வடை எடுத்தேன். எதிரே இருந்த புனிதவதி மட்டும் சிரிக்கவில்லை. அவளுக்குப் பல் நோகுதாக்கும் என்று நினைத்தேன்.

பஃபலோ போவதற்கு முந்தின வியாழன், புனிதவதி றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலில் இருந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள். அர்ச்சனைத் தட்டை மேசையில் வைத்தாள். இவருக்கு விபூதி நீட்டினாள்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. மிதுனனிட்டைக் கையெழுத்து வாங்காதேங்கோ."

இவர் பகிடி என்று நினைத்துச் சிரித்தார். "ஏன் தங்கச்சி, பேனை மை முடிஞ்சு போமோ?"

"அண்ணை, இன்னும் ஒரே ஒரு படி. உங்களுக்குப் போட்ட ஒருத்தரும் மேலை போகேல்லையாம். நான் படிச்சனான், பாங்கிலை வேலைசெய்யிறன், எனக்கும் இது மடைக்கதை எண்டு தெரியும். ஆனால் நான் தாய் அண்ணை. பயமாயிருக்கு."

"ஆர் சொன்னது, ஒருத்தரும் போகேல்லை எண்டு?"

புனிதவதி என்னைப் பார்த்தாள். இவரும் என்னைப் பார்த்தார். அவர் ஏசியிருந்தால் நான் திருப்பி ஏசித் தப்பியிருப்பேன். அவர் அட்டை இருந்த இழுப்பறையைத் தள்ளிச் சாத்திவிட்டு, "சரி தங்கச்சி, வாங்கேல்லை. நீர் நிம்மதியாய்ப் போம்" என்றார். அன்று இரவு நான் வைத்த சோற்றில் பாதியை அப்படியே விட்டுவிட்டு எழும்பினார்.

எனக்குத் தாங்க முடியவில்லை. அடுத்த நாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, அலுமாரியைத் திறந்து, முந்நூற்றுப் பதினாறு பேரையும் ஒவ்வொருவராய் இன்ரநெற்றில் தேடத் தொடங்கினேன். ஒருத்தனாவது மேலே போயிருக்கமாட்டானா? ஒருவன் தீயணைப்புப் படையில் இருக்கிறான். ஒருவன் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறான். பதினெட்டுப் பேர் எங்கள் ஆட்களைப்போலவே வீடு விற்கிறார்கள். பொழுதுபட, இருநூற்று எழுபதாவது ஆளாய், டஸ்ரின் ஹாலோவெல் என்று ஒரு மாடு மாதிரிப் பெடியன். மேலே போயிருக்கிறான்! நான் செருப்பையும் மாறிப் போட்டுக்கொண்டு புனிதவதி வீட்டுக்கு ஓடினேன்.

"பாரும் புனிதம், இஞ்சை பாரும்! இவன் போயிருக்கிறான். மேலை, பெரிய குழுவிலை!"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். முகம் ஒரு கணம் மலர்ந்தது.

"எத்தினை நாள் அக்கா?"

"ஆறு நாள்."

"பிறகு?"

நான் அதுவரை கீழே வாசித்திருக்கவில்லை. இருவரும் சேர்ந்து வாசித்தோம். பிறகு அவனுக்கு முழங்கை போய்விட்டது. அதோடு விளையாட்டும் முடிந்தது.

புனிதவதி போனைத் திருப்பித் தந்துவிட்டு என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அக்கா, நீங்கள் இனி எனக்கு உதவி ஒண்டும் செய்யவேண்டாம்."

சனிக்கிழமை இவர் பஃபலோ போகமாட்டார் என்று நினைத்தேன். விடியவே உடுத்து நின்றார். நானும் ஏறினேன். எல்லையில் அதிகாரி, என்ன அலுவலாய்ப் போகிறீர்கள் என்று கேட்டார். பதினாலு வருசமாய் அந்தக் கேள்விக்கு, "கையெழுத்து வாங்க" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுகிற மனுசன், அன்று "சும்மா பாக்க" என்றார். அதிகாரிக்கு அது சாதாரண பதில். எனக்குத்தான் அழுகை வந்தது.

மைதானத்தில் நாங்கள் வேலிக்கரையில் நின்றோம். மிதுனன் பயிற்சி முடித்து, வியர்க்க விறுவிறுக்க, வரிசையாய் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தான். எங்களைக் கண்டதும் ஓடிவந்தான்.

"அங்கிள்! அன்ரி! என்ரை காட் வந்திட்டுது, பாத்தனீங்களா? கொண்டுவந்தனீங்களா? கிவ் மீ, ஐ வில் சைன் இற்."

பேனையைத் திறந்துகொண்டு நின்றான். அட்டை இவரின் சட்டைப் பையில் இருந்தது. விடிய அவர் அதை அங்கே வைத்ததை நான் கண்டேன். வாங்குவதில்லை என்று சொன்னபிறகும் ஏன் கொண்டுவந்தார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மறந்துபோனன் தம்பி" என்றார்.

"நீங்களா? நீங்கள் மறப்பீங்களா அங்கிள்?"

"வயசு போச்சுதெல்லே."

பெடியன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "இட்ஸ் ஓகே அங்கிள்" என்று பேனையை மூடினான். அவனுடைய முதல் ஆட்டத்தில் இருந்து வேலிக்கரையில் இருந்த ஒரே தமிழாள், அவனுடைய அட்டையை மட்டும் மறந்துவிட்டார். அவனுக்கு அப்படித்தான் விளங்கியிருக்கும். அவனைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லவேண்டும் போல இருந்தது. என் வாயால் நடந்தது போதும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று எட்டாவது இனிங்ஸில் மிதுனன் வந்து எறிந்து, மட்டை பிடித்த மூன்று பேரையும் வரிசையாய் வெளியேற்றினான். இவர் எழும்பி நின்று கை தட்டினார். திரும்பி வரும்போது காருக்குள் நான் சொன்னேன்: "என்னிலைதான் பிழை. என்ரை நாசமாய்ப் போன வாய்."

"அவன் மேலை போனால் போதும்" என்றார்.

அவன் மேலே போகவில்லை. ஆவணியில் அவனுக்குத் தோள்மூட்டில் நோ என்றார்கள். இரண்டு கிழமைக்குப் பிறகு குழு அவனை விடுவித்துவிட்டது. இவர் கையெழுத்து வாங்கவே இல்லை, கவனியுங்கள். ராசிக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லைப் போல.

தமிழ்ப் பேப்பர் அதைப் போடவில்லை. கடையில், கோயிலில், பிறந்தநாள் வீட்டில், "உவன் அப்பவே படிச்சிருக்கலாம்" என்றார்கள். "எங்கட பெடியன்" மறுபடியும் புனிதவதியின் பெடியன் ஆகிவிட்டான். வீட்டுக்கு வந்தவன் மூன்று கிழமை வாசலுக்கு வரவில்லை.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு மத்தியானம், புனிதவதி அவனைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவன் முகம் மழிக்காமல், தோள் ஒரு பக்கம் சரிந்து நின்றான். அவளுடைய கையில் ஒரு நீலப் பேனை. வரும் வழியில் வாங்கியிருக்கவேண்டும், விலைச்சீட்டும் கழற்றவில்லை.

"அண்ணை, இவனுக்கு எல்லாம் சொல்லிப்போட்டன். நான்தான் உங்களைத் தடுத்தது எண்டு. இனிப் பரவாயில்லை, இனிக் கெட்டுப்போக ஒண்டும் இல்லை. காட்டைக் கொண்டுவாங்கோ. இவன் போட்டுத்தரட்டும்."

மிதுனன் தலையைத் தூக்கினான். "சொறி அங்கிள். நீங்கள் மறந்திட்டீங்கள் எண்டுதான் நான் நினைச்சன். காட் இருந்தால் தாங்கோ. வேறை ஒருத்தரும் கேக்கமாட்டினம்."

இவர் எழும்பிப் போனார். இழுப்பறை திறபடுகிற சத்தம் கேட்டது. அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மிதுனன் பேனையைத் திறந்து குனிந்தான். இவர் அட்டையின் மேல் தன் கையை வைத்து மறைத்தார்.

"வேண்டாம் தம்பி."

"அங்கிள்?"

"தோளுக்கு ஒப்பரேசன் செய்து திரும்பி எறியிறவங்கள் எத்தினையோ பேர். உனக்கு இருபத்திமூண்டு வயசு. இதை நான் வேலிக்கு இஞ்சாலை நிண்டுதான் வாங்குவன்."

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னப்பா, உந்த ராசிக் கதையை நீங்களும் நம்பத் தொடங்கிட்டியளோ?"

"ராசியுமில்லை, ஒரு மண்ணாங்கட்டியுமில்லை" என்றார். கையை மட்டும் எடுக்கவில்லை.

புனிதவதி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "வாங்குங்கோ அண்ணை. ஒருக்கால் நான் வேண்டாம் எண்டதுக்கு இப்பிடிச் செய்யாதேங்கோ. உங்கடை காலைப் பிடிச்சுக் கேக்கிறன், வாங்குங்கோ."

"இல்லைத் தங்கச்சி."

"அப்ப இவன் திரும்பி விளையாடப் போவான் எண்டு சொல்லுறியளோ?"

"அதுக்குத்தானே வாங்காமல் இருக்கிறன்."

மிதுனன் பேனையின் மூடியைப் போடப் பார்த்தான். அது கைதவறிக் கீழே விழுந்து உருண்டது. அவன் அதை எடுக்கவில்லை. என் மனுசனின் தோளில் முகத்தை வைத்து, பத்து வயதில் தோற்ற ஆட்டங்களுக்கும் அழாத பெடியன், விம்மி விம்மி அழுதான்.