அரூர் மேசையும் தீர்த்தமலைக் களியும்

1938ஆம் ஆண்டு புரட்டாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், அரூர் கோவிந்தன் சாப்பிட உட்கார்ந்தபோது, அவனுடைய வட்டிலில் இருந்த கேழ்வரகுக் களி உருண்டை கீழே இறங்கி, தரையில் ஒன்பதடி உருண்டு, பில்லியர்ட்ஸ் மேசையின் காலில் ஏறி, பந்து விழும் மூலைக் குழிக்குள் விழுந்தது. பதினோரு அடி என்று சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் வட்டில் வைத்த இடத்திலிருந்து மேசை வரை எத்தனை முறை அளந்தாலும் ஒன்பதுதான் வருகிறது.

அந்த மேசை சேலத்துக்கு மேலே மலையில் இருந்த துரைமார் கிளப்பில் பல வருடம் கிடந்து பழசானது. கோவிந்தன் அங்கே பதினொரு வருடம் வேலை பார்த்தான். துரைகள் பந்தை அடிக்கும்போது பக்கத்தில் நின்று இங்கிலீஷில் எண்ணிக்கை சொல்வது அவன் வேலை. பந்தடிக்கும் கோலைத் துடைப்பதற்குத் தவிர அவன் தொட்டதில்லை. கிளப்புக்குப் புது மேசை வந்ததும், மனைவி தீர்த்தம்மாளுக்குத் தாய்வீட்டில் கொடுத்த கறவை மாட்டை பட்லரிடம் விட்டு, பழைய மேசையை வாங்கிவிட்டான். மேசைப் பரப்பான ஐந்து கற்பலகைகள், எட்டுக் கால்கள், சுருட்டு சுட்ட ஓட்டைகளோடு ஒரு பச்சைத் துணி, நான்கு கோல்கள், எல்லாம் நாலு வண்டியில் மஞ்சவாடிக் கணவாய் வழியாக வந்து சேர்ந்தன. வாசல் நிலையைப் பெயர்த்துத்தான் உள்ளே கொண்டுபோக முடிந்தது. துரைகளையே தோற்கடித்தவன் என்று கோவிந்தன் ஊரில் சொல்லிக்கொண்டான். ஆட்டம் தெரிந்தவர் யாரும் இல்லாததால் ஆடிக் காட்டச் சொல்லவும் யாரும் இல்லை.

அந்தப் பக்கத்தில் களியை நீளமான உருட்டுக் கோலால்தான் கிண்டுவார்கள். தீர்த்தம்மாளின் கோல் முறிந்த அன்று, சுவரில் நான்கு வழவழப்பான கோல்கள் மாட்டியிருப்பதைப் பார்த்தாள். ஒன்றை எடுத்து அடிப்பக்கத்தால் கிண்டினாள். களி கட்டி தட்டாமல் வந்தது. நாலு நாள் அப்படியே கிண்டினாள். ஐந்தாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை. அதன் பிறகு அவள் உருட்டிய எந்த உருண்டையும் வட்டிலில் தங்கவில்லை. குழிக்குள் கைவிட்டு எடுத்துத் தின்றால் பச்சை நூல் பல்லில் மாட்டியது.

“என் மாட்டக் குடுத்து இந்தக் கட்டில வாங்கியாந்தீங்க. மாடாவது பால் குடுத்துச்சு” என்றாள் தீர்த்தம்மாள்.

“கட்டில் இல்ல புள்ளே, மேசை.”

“மேசைன்னா சோறு வெப்பாங்க மாமா. இது சோத்தத் திங்குது. இது வூட்ட வுட்டுப் போவட்டும், அப்பறம் நான் வரேன்.”

பத்து மைல் தள்ளி தீர்த்தமலையில் இருந்த தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். கைக்கு வாகாக இருந்ததால் அந்தக் கோலையும் எடுத்துக்கொண்டாள். கோவிந்தன் ஆறு பேரைக் கூட்டிவந்து மேசையைக் கழற்றப் பார்த்தான். கற்பலகைகளுக்கு நடுவே களி இறங்கிக் காய்ந்து, அசைக்க முடியாதபடி பிடித்திருந்தது.

மூன்றாம் நாள் மதியம், தீர்த்தமலைச் சாலையிலிருந்து ஒரு களி உருண்டை வீட்டுக்குள் உருண்டு வந்து மூலைக் குழியில் விழுந்தது. மேலே புழுதி, உள்ளே சூடு. தீர்த்தம்மாள் விரல் பதிந்த அடையாளம் இருந்தது. கோபம் தணிந்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்து, கோவிந்தன் புழுதியை உரித்துவிட்டுத் தின்றான். மறுநாளும் தின்றான். அதற்கு மறுநாள் மைத்துனன் மாது வந்தான்.

“அக்கா சோறு தின்னு மூணு நாளாச்சுங்க மாமா. கிண்டறதெல்லாம் இங்க ஓடியாந்துருது. நீங்க தின்னு ஏப்பம் வுடறீங்க. பொண்டாட்டி சோத்தப் புடுங்கித் திங்கறவன் கூட எம்பொண்ணு வாழ வேணாம், அமாவாசைக்குப் பஞ்சாயத்து வெச்சு அத்து வுட்டுரலாம்னு அப்பன் சொல்லிட்டாரு.”

அமாவாசைக்குப் பதினொரு நாள் இருந்தது. வந்த களியைத் திருப்பி அனுப்புவதைத் தவிர வேறு வழி தெரியாமல், கோவிந்தன் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பந்தை அடிக்கக் கோலை எடுத்தான். முதல் உருண்டை வாசல் நிலையில் பட்டு அப்படியே ஒட்டிக்கொண்டது. இரண்டாவது திசை தவறி மொரப்பூர் ரயிலடிக்குப் போனது. கேட்டு யாரும் வராத சாமான்களோடு அதை வைத்துப் பூட்டினார்கள். மூன்றாவது பள்ளிக்கூட வாத்தியாரின் குடைக்குள் விழுந்தது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு, பழக்கத்தால், “ஜீரோ” என்று அவனே சத்தமாகச் சொன்னான். துரைகளைத் தோற்கடித்த கதையை ஊர் நம்புவதை விட்டது. அங்கே தீர்த்தம்மாள் அவரைக்காயும் மோருமாக நாளை ஓட்டினாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் அவனுக்கு அடிக்கத் தெம்பில்லை. கோலால் மெதுவாகத் தள்ளினான். உருண்டை மூன்று ஓரங்களில் தட்டி, வாசலைத் தாண்டி, சாலையில் ஏறி, பொழுது சாய்வதற்குள் தீர்த்தமலையில் தீர்த்தம்மாளின் வட்டிலில் போய் உட்கார்ந்தது. அங்கே அது அசையவில்லை. விடியும்போது மாது வந்துவிட்டான்.

“களி வந்துருச்சாம். கொழம்பு எங்கன்னு அக்கா கேக்குதுங்க மாமா.”

“வேற ஒண்ணும் சொல்லலியா?”

“உப்பு கம்மின்னுச்சு.”

“ஆக்குனது அவதானேடா!”

இந்தப் பதிலை மாது போய்ச் சொன்னதும் தீர்த்தம்மாள் வெகுநேரம் சிரித்ததாகவும், அதனால்தான் கிளம்பியதாகவும் சொல்கிறார்கள். இது மாது சொன்னது மட்டுமே. வேறு சாட்சி இல்லை. மறுநாள் பஸ்ஸில் அவள் வந்து இறங்கியது மட்டும் உறுதி. பஞ்சாயத்து கூடவில்லை.

கோல் தாய்வீட்டிலேயே தங்கிவிட்டதால், அவள் அம்மா கிண்டிய களியும் தினமும் அரூருக்கு வரத் தொடங்கியது. அதைத் திருப்பி அடிக்கும் வேலையைத் தீர்த்தம்மாள் எடுத்துக்கொண்டாள். ஒரு வருடத்தில் அவள் அடி ஒன்றுகூடத் தவறவில்லை. கோவிந்தன் பக்கத்தில் நின்று எண்ணிக்கை சொன்னான்; அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வழியில் இருந்த ஊர்களில், களி போகும் நேரம் பார்த்து மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினார்கள். யுத்தத்தில் பெட்ரோல் இல்லாமல் பஸ் நின்றபோதும் களி நிற்கவில்லை. 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, சாலையில் கொடிகளோடு கூட்டமாக இருந்ததால், முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தது.